ஜப்பானின் இடைக்காலச் சமூகப் படிநிலை: நான்கு அடுக்குக் கூம்புப் படம் பொருந்துமா?

புன்னை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ஜப்பானின் இடைக்காலச் சமூகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். பள்ளியில் நெடுங்காலம் வரலாறு நடத்தியவள் என்பதால், கரும்பலகையில் ஒரு படமாவது வரையாமல் எனக்குப் பேச வராது. கைக்குக் கிடைத்த பாடநூல்கள் எல்லாவற்றிலும் ஒரே படம்தான் இருக்கிறது. கூம்பின் உச்சியில் பேரரசர், அவருக்குக் கீழே படைத்தலைமை ஆட்சியாளரான ஷோகுன், பிறகு தைம்யோ என்னும் பெருநிலத் தலைவர்கள், சாமுராய்கள், உழவர்கள், கைவினைஞர்கள், கடைசியில் வணிகர்கள்.

இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 13ஆம் நூற்றாண்டைப் படிக்கத் தொடங்கியதும் குழம்பிப் போனேன். 1219ஆம் ஆண்டில் காமாகுரா நகரில் அமைந்த படைவீரர் அரசின் மூன்றாம் ஷோகுன் சனெதோமோ கொலையுண்ட பிறகு, ஆட்சியைக் கையில் வைத்திருந்த ஹோஜோ குடும்பத்தார் தாங்களே ஷோகுன் ஆகவில்லை. தலைநகர் கியோதோவிலிருந்து, குஜோ என்னும் பிரபுக் குடும்பத்தின் இரண்டு வயதுக் குழந்தையை வரவழைத்து வளர்த்து, 1226இல் அந்தப் பட்டத்தை அதற்குச் சூட்டினார்கள். 1252 முதல் பேரரசர் குடும்பத்து இளவரசர்களையே அழைத்துவந்து அமர்த்தினார்கள். படையும் நீதிமன்றமும் தங்கள் வசம் இருக்கும்போது, பட்டத்துக்கு மட்டும் இன்னொரு வீட்டுப் பிள்ளையைத் தேடிப் போனவர்களைக் கூம்பின் எந்தப் படியில் எழுதுவது? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரிசல்:

அம்மா, படத்தை அவசரப்பட்டு அழித்துவிட வேண்டாம் என்பதே என் கருத்து. உச்சியில் யார் யாருக்கு மேல் என்ற குழப்பம் எல்லா நாட்டு அரண்மனைகளிலும் இருந்திருக்கிறது. அதனால் அடியில் இருந்தவர்களின் நிலை மாறிவிடுவதில்லை. நெல்லை விளைவித்தவர் ஒருவர், அதை வாங்கிச் சென்றவர் மற்றொருவர். ஷோகுன் குழந்தையாக இருந்தாலும் கிழவராக இருந்தாலும் நெல் கீழிருந்து மேல்நோக்கித்தான் போயிற்று. படைவீரர், உழவர், கைவினைஞர், வணிகர் என்னும் வரிசையும் காரணமற்றதன்று. உணவைத் தருபவர் என்பதால் உழவருக்கு இரண்டாம் இடம், எதையும் விளைவிக்காமல் பொருளைக் கைமாற்றி வாழ்பவர் என்பதால் வணிகருக்குக் கடைசி இடம் என்ற சிந்தனை அதன் பின்னால் இருந்தது. நடைமுறை அதற்கு முழுவதும் பொருந்தவில்லை என்றாலும், ஒரு சமூகம் தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணம் என்ற அளவில் அந்தப் படத்துக்கு மதிப்பு உண்டு. வாசகர் வட்டத்தில் முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு அதையே வரைந்து காட்டி, விதிவிலக்குகளைப் பிறகு சொல்லலாம்.

வெண்நாரை:

கரிசல் ஐயா சொல்வதில் நெல்லின் வழியைப் பற்றிய பகுதியை ஏற்கிறேன். அதற்குப் பிறகு வருவேன். ஆனால் அந்த நான்கு பிரிவு, ஜப்பானின் இடைக்காலச் சமூகம் தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணம் என்பதை ஏற்க இயலவில்லை. அது பழஞ்சீனத்து நூல்களில் மக்கள் அனைவரையும் குறித்த தொடர். அங்கே முதற்சொல் கற்றறிந்த அதிகாரியைக் குறித்தது. ஜப்பானில் பிற்காலத்தில் அந்த இடத்தில் வாளேந்தியவரை வைத்துப் படித்தார்கள். தோகுகாவா ஷோகுன்களின் ஆட்சி நிலைத்துவிட்ட 17ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும்தான் கன்பூசிய அறிஞர்கள் அதைச் சமூக வரிசையாக விரித்து எழுதினார்கள். அந்தக் காலத்துக்கே அது சரியான படம் அன்று என்று கண்டு, ஜப்பானியப் பள்ளிப் பாடநூல்கள் அதைக் கைவிட்டுவிட்டன. அதை 1185 முதல் 1573 வரையிலான காமாகுரா, முரோமாச்சி காலங்களின் மேல் ஏற்றுவது இருமடங்கு பிழை. தைம்யோ என்ற படியும் 13ஆம் நூற்றாண்டில் இல்லை.

புன்னை அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஹோஜோக்களின் நிலை புதிராகத் தெரிவதற்குக் காரணம், ஒரே ஏணியில் அவர்களைத் தேடுவதுதான். பேரரசரின் அவை ஒவ்வொருவருக்கும் ஒரு தரம் வழங்கிவந்தது. மூன்றாம் தரமும் அதற்கு மேலும் உள்ளோர் மட்டுமே உயர்குடி அவையினராக எண்ணப்பட்டனர். ஹோஜோ ஆட்சியாளர்கள் நான்காம் தரத்தைத் தாண்டவில்லை. பலர் ஐந்தாம் தரத்திலேயே நின்றார்கள். கிழக்கு நாட்டுப் படைவீரர் வீடுகளுக்கு நடுவே அவர்களுடைய சொல்லே இறுதிச் சொல்லாக இருந்தது. ஆனால் அந்த வீடுகளில் மிகப் பழமையும் பெருமையும் உடையவை, தங்களோடு ஒப்பான பிறப்புடைய ஒரு குடும்பத்தைத் தலைவனாக வணங்க ஒப்பியிரா. பிறப்பில் ஐயத்துக்கு இடமில்லாத ஒருவரை மேலே அமர்த்தி, அவர் பெயரால் ஆள்வதுதான் அவர்களுக்கு இயன்றது.

வரலாற்றறிஞர் குரோதா தொஷியோ 1963இல் முன்வைத்த ஒரு கருத்து இங்கே உதவும். இடைக்காலத்தில் நாட்டை ஆண்டது ஓர் அரசு அன்று. அரசவைப் பிரபுக்கள், படைவீரர் வீடுகள், பெருங்கோயில்கள் என்னும் மூன்று வகை அதிகாரக் குடும்பங்கள் ஒன்றையொன்று சார்ந்தும் உரசியும் ஆண்டன என்றார் அவர். சடங்கும் பதவி வழங்கலும் முதல் தரப்பின் வேலை, படையும் காவலும் இரண்டாவதன் வேலை, வழிபாடு மூன்றாவதன் வேலை. மூன்றுக்கும் தனித்தனி நிலமும் நீதிமன்றமும் ஆட்களும் இருந்தன. இந்தக் கருத்தை மறுத்தவர்களும் உண்டு. குறிப்பாகப் படைவீரர் அரசைத் தனி நாடாகவே பார்ப்பவர்களுக்கு இது உடன்பாடில்லை. எனக்கு இது பொருத்தமாகத் தோன்றுவதற்கு ஒரு சான்று போதும்: காமாகுரா அரசு மற்ற மாநிலங்களுக்குத் தன் படைவீரர்களில் ஒருவரைக் காவல் தலைவராக நியமித்தபோதும், யமாதோ மாநிலத்தில் நியமிக்கவில்லை. அங்கே அந்த அதிகாரம் நாராவின் கோஃபுகுஜி கோயிலிடம் இருந்தது. இதைக் கூம்பில் எப்படி வரைவது?

நிலத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஷோயென் எனப்பட்ட நிலத் தொகுதி ஒன்றுக்கு ஓர் உடைமையாளர் இல்லை. உச்சியில் பேரரசர் குடும்பத்தவரோ பெருங்கோயிலோ காவலுரிமை பெற்றிருப்பர். அவருக்குக் கீழே ஆட்சியுரிமை உடைய பிரபு, ஊரில் தங்கிய மேலாளர், கணக்கர், தன் பெயரில் பதிந்த நிலம் பெற்ற பெருங்குடி, உழுபவர் என ஒவ்வொருவருக்கும் விளைச்சலில் ஒரு பங்கு. இந்தப் பங்குரிமைக்கு ஷிகி என்று பெயர். அதை விற்கலாம், பிரிக்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம். ஒரே ஆள் ஓர் ஊரில் மேலாளராகவும் அடுத்த ஊரில் வெறும் உழவுப் பங்காளியாகவும் இருக்கலாம். 1221இல் பட்டம் துறந்த பேரரசர் கோ-தோபா காமாகுராவுக்கு எதிராகப் படை திரட்டித் தோற்று ஓகி தீவுக்கு நாடு கடத்தப்பட்டபோது, அவர் பக்கம் நின்றவர்களின் ஏறத்தாழ 3,000 நிலங்கள் பறிமுதலாயின. அவற்றில் புதிதாக அமர்த்தப்பட்ட ஜிதோ என்னும் படைவீரக் கண்காணிகளுக்கு 11 சோ (ஒரு நில அளவு) நிலத்துக்கு 1 சோ என்ற அளவில் பங்கு வகுக்கப்பட்டது. பழைய உரிமைகள் அழிக்கப்படவில்லை. அவற்றின் நடுவே இன்னோர் அடுக்கு செருகப்பட்டது, அவ்வளவே.

கரிசல்:

வெண்நாரை அவர்களுக்கு நன்றி. நீண்ட விளக்கம், பலவற்றைத் திருத்திக்கொண்டேன். ஆனாலும் அடிநிலையிலிருந்து பார்க்க வேண்டும் என்ற என் பிடிவாதத்தை விட மனம் வரவில்லை. நீங்கள் சொன்ன அடுக்குகள் அத்தனையும் பங்கு பெற்றவர்களின் அடுக்குகள். எடுத்துக் கொடுத்தவருக்கு அவை எல்லாம் சேர்ந்து ஒரே சுமையாகவே இருந்திருக்கும்.

கீ மாநிலத்து மலைப்பகுதியில் இருந்த அதெகாவா நிலத் தொகுதியின் குடிகள் 1275இல் எழுதிக்கொடுத்த முறையீட்டை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். 13 பிரிவுகள் கொண்டது. நிலத்துக்கு உரிய மேலிடத்துக்கு அவர்கள் மரம் வெட்டி அனுப்ப வேண்டும்; அது காலந்தாழ்ந்ததற்கு விளக்கம் சொல்கிறார்கள். யுவாசா குடும்பத்து ஜிதோ, தலைநகருக்குப் போகிறேன் என்றும் அருகில் வேலை இருக்கிறது என்றும் ஆட்களைக் கூலியில்லா வேலைக்கு இழுத்துக்கொண்டு போகிறார். எஞ்சிய கொஞ்சம் பேரும் மலைக்கு மரம் வெட்டப் புறப்பட்டால், ஊரைவிட்டு ஓடிப்போனவர்களின் நிலத்தில் கோதுமை விதைத்துவிட்டுப் போ என்று துரத்தித் திருப்புகிறார்கள். விதைக்காவிட்டால் பெண்களைப் பிடித்து அடைத்து, காதை அறுப்போம், மூக்கைச் சீவுவோம், கூந்தலை வெட்டித் துறவியாக்கி, கயிற்றால் கட்டி வதைப்போம் என்று மிரட்டுகிறார்கள். மரம் தாமதமானதற்கு இதுதான் காரணம் என்று அந்தக் குடிகள் சொல்கிறார்கள்.

இதைப் படித்த நாளில் வேறு எதையும் படிக்க முடியவில்லை. எத்தனை ஏணிகள் இருந்தால் என்ன? அவை எல்லாவற்றின் அடிக்காலும் அந்தப் பெண்களின் மேல்தான் ஊன்றியிருந்தது.

வெண்நாரை:

ஐயா, அந்த முறையீட்டை எடுத்துவைத்ததற்கு நன்றி. அதைப் படித்து அசையாதவர் இருக்க முடியாது. ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். அடிப்பவர் ஜிதோ, எழுதியது அந்த நிலத்தின் மற்றோர் உரிமையாளரான மேலிடத்துக்கு. ஓர் ஆண்டானின் கொடுமையை இன்னோர் ஆண்டானிடம் சொல்லி, இவரால்தான் உமக்குச் சேர வேண்டிய மரம் வரவில்லை என்று கணக்குக் காட்டுகிறார்கள். ஒற்றைக் கூம்பின் அடியில் இருப்பவர்களுக்கு இந்த வழி இருந்திருக்காது. அவர்கள் பட்ட வலியை இது குறைத்துவிடாது. அந்த வலிக்கு நடுவே அவர்கள் கையாண்ட அறிவை மட்டும் குறிப்பிடுகிறேன்.

'குடிகள்' என்று நாம் ஒரே சொல்லால் சொல்லிவிடுவதிலும் ஒரு பெரிய கோடு மறைந்துபோகிறது. ஹ்யகுஷோ என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் கட்டற்ற குடிகள். ஹோஜோ யசுதோகி 1232இல் வெளியிட்ட 51 விதிகளில் 42ஆவது அவர்களைப் பற்றியது. ஊரைவிட்டுப் போன குடியின் மனைவி மக்களைப் பிடித்துவைப்பதையும் பொருளைப் பறிப்பதையும் அது கண்டிக்கிறது. செலுத்த வேண்டிய பாக்கி இருந்தால் தீர்க்க வேண்டும், மற்றபடி இருப்பதும் போவதும் அவர்கள் விருப்பம் என்கிறது. அதெகாவாவில் நடந்ததைப் பார்த்தால், விதி ஓரிடத்திலும் நடைமுறை வேறிடத்திலும் இருந்தது புரியும். ஆயினும் சட்டத்தின் பார்வையில் அவர்கள் யாருக்கும் சொத்தல்லர்.

அவர்களுக்குக் கீழே கெனின் எனப்பட்டவர்கள் இருந்தார்கள். இவர்கள் விற்கப்பட்டார்கள், உயில்களில் நிலத்தோடும் மாட்டோடும் சேர்த்து எழுதப்பட்டார்கள். அதே 51 விதிகளில் 41ஆவது, இவர்கள் மேல் உரிமை கோராமல் 10 ஆண்டுகள் கடந்துவிட்டால் வழக்கு எடுக்கப்படாது என்கிறது. இரு வேறு ஆண்டான்களின் அடிமைகளுக்குப் பிறந்த பிள்ளைகளில் ஆண் குழந்தை தந்தையோடும் பெண் குழந்தை தாயோடும் சேரும் என்கிறது. 1230, 1231ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் பெற்றோர் பிள்ளைகளையும், பலர் தங்களையுமே விற்றார்கள். ஆள் விற்பனையைத் தடுத்துவந்த அரசு, பட்டினியில் சாவதைவிட மேல் என்று கண்ணை மூடிக்கொண்டது. 1239இல்தான் மறுபடியும் தடை கொண்டுவந்தது. பஞ்சத்தில் சோறு போட்டுக் காப்பாற்றியவர்களின் உரிமையை மட்டும் அப்போதும் ஏற்றுக்கொண்டது. கட்டற்ற குடிக்கும் கெனினுக்கும் இடையே இருந்தது இரண்டு பொய்த்த அறுவடைகள்தான்.

தாழை:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். நான்கு அடுக்குப் படத்திலும் இல்லாத, மூன்று தரப்புப் படத்திலும் ஓரமாகவே நிற்கும் சிலரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தீட்டு என்பதற்கு ஜப்பானியர் கெகாரே என்பர். 927இல் தொகுக்கப்பட்ட அரசவை நெறிமுறைகள் அதற்குக் கணக்கு வகுத்தன: மனித இறப்புக்கு 30 நாள், பிள்ளைப்பேற்றுக்கு 7 நாள், வீட்டு விலங்கு இறந்தால் 5 நாள், அது ஈன்றால் 3 நாள், இறைச்சி உண்டால் 3 நாள். தீட்டு வீட்டுக்கு வீடு தொற்றும். ஆனால் மூன்றாம் கைக்கு அப்பால் தொற்றாது. நாள் கழிந்தால் யாரும் பழைய நிலைக்குத் திரும்பலாம். அதாவது முதலில் அது பிறப்பைப் பற்றியதாக இல்லை. காலத்தைப் பற்றியதாக இருந்தது. பேரரசர் குடும்பத்தவருக்கும் வரும், போகும்.

ஆனால் தலைநகரின் பிணங்களை யார் அகற்றுவது? செத்த மாட்டை யார் உரிப்பது? அந்த வேலையைத் தொடர்ந்து செய்பவருக்கு நாள் கழியவே கழியாது. ஹினின், அதாவது மனிதர் அல்லாதார் என்று அழைக்கப்பட்டவர்கள், கியோதோவின் கியோமிசு சரிவிலும் நாராவின் வடக்கு மேட்டிலும் திரண்டு வாழ்ந்தார்கள். தொழுநோயால் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். இந்த இரு குடியிருப்புகளும் ஆளுகை எல்லைக்காக மோதிக்கொண்டு, 1244 அளவில் வழக்காடி ஆவணங்களை விட்டுச்சென்றிருக்கின்றன. வழக்காடத் தெரிந்தவர்கள், தலைவர்களைக் கொண்டவர்கள், கோயில்களின் காவலில் இருந்தவர்கள். கியோன் கோயிலின் இனுஜினின் என்னும் பிரிவினர் பிணம் அகற்றியதோடு, கோயில் திருவிழாவில் தெய்வப் பல்லக்குக்கு முன்னால் நடந்தும் போனார்கள். இழிவும் புனிதமும் அங்கே இன்னும் பிரியவில்லை.

சைதைஜி கோயிலின் துறவி எய்சோன் 1269இல் ஹன்னியாஜி கோயிலில் மஞ்சுஸ்ரீ போதிசத்துவரின் திருவுருவை நிறுவியபோது, ஏறத்தாழ 2,000 ஹினின்களுக்கு உணவும் பொருளும் வழங்கினார். போதிசத்துவரே ஏழை வடிவில் வருவார் என்ற நம்பிக்கை அதற்கு அடிப்படை. ஆனால் அதே பௌத்தத்தின் வழியாகத்தான் 'செந்தாரா' என்ற சொல்லும் அங்கே போய்ச் சேர்ந்தது. நமக்குத் தெரிந்த 'சண்டாளர்' என்ற சொல்தான் அது. வடமொழிச் சூத்திரங்களிலிருந்து சீன எழுத்தில் ஒலிபெயர்ந்து, கடல் கடந்து போய், 13ஆம் நூற்றாண்டு ஜப்பானிய அகராதி ஒன்றில், மாடு உரிப்பவர்களை இந்தியாவில் இப்படி அழைப்பர் என்று விளக்கமாக உட்கார்ந்துவிட்டது. ஒரு நாட்டின் இழிசொல் வேறொரு நாட்டில் ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் பூசப்பட்டது என்பதை இந்த மண்ணில் பிறந்த ஒருத்தியாக நான் வருத்தத்தோடு எழுதுகிறேன். அச்சொல்லைத் தலைநிமிர்ந்து எடுத்துக்கொண்டவர் ஒருவரும் உண்டு. கடற்கரை ஊரில் பிறந்த துறவி நிச்சிரென், 1272இல் சாதோ தீவில் நாடுகடத்தப்பட்டிருந்தபோது எழுதிய மடலில், தாம் செந்தாரா வீட்டில் பிறந்தவர் என்று எழுதினார்.

இரண்டு நூற்றாண்டுகள் கழித்து ஒரு காட்சி. ஆற்றங்கரைகளில் வாழ்ந்து தோல் பதனிட்ட கவாராமோனோ மக்களில் ஒருவரான ஜென்அமி, ஷோகுன் அஷிகாகா யோஷிமசாவின் அன்புக்குரிய தோட்டக் கலைஞர். அவர் நோயுற்றபோது ஷோகுனே மருந்து அனுப்பினார். அவருடைய பேரன் மதாஷிரோவும் கல்லும் மரமும் அறிந்தவர். 1489இல் அவர் ஒரு ஜென் துறவியிடம், கொலைத்தொழில் வீட்டில் பிறந்ததை எண்ணித் தாம் வருந்துவதாகவும், அதனால் எந்த உயிரையும் கொல்வதில்லை, பொருளுக்கு ஆசைப்படுவதில்லை என்று உறுதி பூண்டிருப்பதாகவும் சொன்னார். துறவி அதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்து, இவரல்லவோ மனிதர் என்று வியந்தார். ஷோகுனின் தோட்டத்தில் தடையின்றி நடமாடிய குடும்பம். ஆனாலும் பிறப்பு அவருடைய நெஞ்சில் எவ்வளவு கனத்திருக்கிறது. நாள் கழிந்தால் போகும் தீட்டு, 15ஆம் நூற்றாண்டுக்குள் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

புன்னை:

தாழை அம்மாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். நன்றி. இதுவரை நாம் பேசியவர்களில் பெண்கள் அதெகாவாவில் மட்டுமே வந்தார்கள், அதுவும் வதைபடுபவர்களாக. மகளுக்கும் பங்குரிமையைக் கொடுக்கலாம் என்று வெண்நாரை ஐயா ஓரிடத்தில் குறிப்பிட்டார். அதைச் சற்று விரித்துச் சொல்ல யாரேனும் உண்டா?

மருதம்:

நான் சொல்ல முயல்கிறேன். காமாகுராவின் முற்பகுதியில் படைவீரர் வீட்டுப் பெண்கள் நிலம் பெற்றார்கள், ஜிதோ பதவியும் வகித்தார்கள், வழக்கும் தொடுத்தார்கள். மகளுக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது என்றிருந்தால் பெற்றோர் கொடுக்கவே தயங்குவர் என்று காரணம் காட்டி, மகனுக்குக் கொடுத்ததைப் போலவே மகளுக்குக் கொடுத்ததையும் திரும்பப் பெறலாம் என்று 1232ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும், மகளையும் மகனையும் ஒரே நிலையில் வைக்கும் எண்ணம் அதில் இருக்கிறது.

இந்த விதியை நம்பி ஒரு முதிய பெண்மணி மேற்கொண்ட பயணம் புகழ்பெற்றது. அவர் அபுத்சு என்னும் துறவியும் கவிஞரும் ஆவார். அவருடைய கணவர் ஃபுஜிவாரா தமெயியே, ஹரிமா மாநிலத்து ஹொசொகாவா நிலத்தை மூத்த மனைவியின் மகனுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அதை மாற்றி அபுத்சுவின் மகனுக்கு எழுதினார். ஒருமுறை கொடுத்ததை மாற்றுவது அரசவைப் பிரபுக்களின் வழக்கில் செல்லாது. படைவீரர் சட்டத்தில் செல்லும். ஆகவே அவர் 1279இல் கியோதோவிலிருந்து காமாகுராவுக்குத் தாமே பயணம் சென்று வழக்கிட்டார். வெண்நாரை ஐயா சொன்ன தனித்தனி ஏணிகளுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. தீர்ப்பைக் காண அவர் உயிரோடு இல்லை. 1313இல் அவருடைய மகன் பக்கம் இறுதித் தீர்ப்பு வந்தது.

ஆனால் அந்தக் கதவு அப்போதே மூடத் தொடங்கியிருந்தது. 1274, 1281 மங்கோலியப் படையெடுப்புகளுக்குப் பிறகு, அயலாரைப் பற்றிய அச்சம் நீங்கும் வரை கியூஷூ தீவில் பெண்களுக்கு நிலம் எழுதக் கூடாது என்று 1286இல் காமாகுரா ஆணையிட்டது. மற்ற இடங்களில் மகளுக்குக் கொடுப்பது அவள் வாழ்நாள் அளவுக்கு மட்டும் என்று சுருங்கி, அவளுக்குப் பின் நிலம் தலைமகனிடம் திரும்பியது. துண்டுதுண்டாகப் பிரிந்த நிலத்தால் படைச்சேவைக்கு ஆள் அனுப்ப முடியாமல் போன வீடுகளே இந்த மாற்றத்தை விரைவுபடுத்தின. இளைய மகன்களும் இதில் இழந்தார்கள் என்றாலும், முதலில் இழந்தது மகள்கள்தான்.

கரிசல்:

நான் தொடங்கிய இடத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டேன் என்பதைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். வெண்நாரை அவர்கள் சொன்ன பிறகு, அடிநிலை மக்கள் தங்களுக்கு மேலிருந்தவர்களை எப்படித் தேர்ந்துகொண்டார்கள் என்று தேடிப் பார்த்தேன். பீவா ஏரியின் வடகரையில் சுகாஉரா என்று ஒரு சிற்றூர். மலைக்கும் நீருக்கும் நடுவே நெருங்கிய ஊர். நெல் விளையும் நிலம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருந்த ஹிசாஷி, மொரோகாவா என்னும் இரண்டு துண்டுகள் மட்டுமே. அவற்றுக்காக அண்டையூரான ஓஉராவோடு தலைமுறை தலைமுறையாகப் போராடினார்கள். அந்தப் போராட்டத்துக்காகவே, பேரரசரின் சமையற்கூடத்துக்கு ஏரிமீன் அளிக்கும் ஆட்கள் என்ற நிலையைப் பெற்றுக்கொண்டார்கள். கோயிலின் ஆட்கள் என்ற நிலையும் அவர்களுக்கு இருந்தது. பேரரசரின் ஆள் என்ற பெயர் ஒரு மீனவனுக்குக் கவசமாக இருந்தது. அந்த இரு நிலங்களையும் யாரும் நிலையாக விற்கக் கூடாது என்று 1346இல் ஊரே சட்டம் எழுதிக்கொண்டது. அவர்கள் காத்துவைத்த ஆவணங்கள் 2018இல் ஜப்பானின் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டன. என் பழைய கூம்பில் இவர்களை வெறுமனே 'உழவர்' என்று எழுதியிருப்பேன்.

1428ஆம் ஆண்டையும் விட மனம் வரவில்லை. ஓமி மாநிலத்தில் குதிரைகளில் சுமை ஏற்றி வாழ்ந்தவர்கள் கடன் தள்ளுபடி கேட்டு எழுந்தார்கள். கிளர்ச்சி கியோதோவுக்கும் நாராவுக்கும் பரவியது. வட்டிக்கடைகள் உடைக்கப்பட்டு அடகுச் சீட்டுகள் கிழிக்கப்பட்டன. நாடு தோன்றிய நாள் முதல் குடிகள் எழுந்தது இதுவே முதல்முறை என்று கோயில் ஆவணம் ஒன்று அஞ்சி எழுதியது. யக்யூ ஊரில் ஜிசோ என்னும் போதிசத்துவரின் உருவம் செதுக்கிய பாறையின் ஓரத்தில், ஷோச்சோ முதலாண்டுக்கு (1428) முன்பட்ட கடன் கம்பே நான்கு ஊர்களில் இனி இல்லை என்று ஊரார் பொறித்தார்கள். அது இன்றும் இருக்கிறது.

வெண்நாரை:

கரிசல் ஐயாவின் சுகாஉராவுக்குப் பிறகு நான் சேர்க்க வேண்டியது ஒன்றுதான்: இந்த ஏணிகள் எப்போது ஒன்றாக்கப்பட்டன என்பது. கீழிருப்பவர் மேலிருப்பவரை வெல்வதைக் குறிக்கும் 'கெகோகுஜோ' என்ற சொல் 1334இல் கியோதோவின் நிஜோ ஆற்றங்கரையில் ஒட்டப்பட்ட அங்கதப் பாட்டிலேயே வருகிறது. 1467க்குப் பிந்தைய போர்க்காலத்தில் அது அன்றாட நிகழ்ச்சியானது. அதில் மிக உயரம் போனவர் ஹிதெயோஷி. ஓவாரி மாநிலத்து நாகமுரா சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர், 1585இல் பேரரசரின் தலைமை அமைச்சர் ஆனார். அப்பதவி ஐந்து பிரபுக் குடும்பங்களுக்கு மட்டுமே உரியது என்பதால், அவற்றுள் ஒன்றான கொனோயே குடும்பத்தின் வளர்ப்பு மகனாகத் தம்மை எழுதிக்கொண்டார். ஹோஜோக்கள் தயங்கி நின்ற அதே வாசலை அவர் இப்படிக் கடந்தார்.

அவரே 1588இல் ஊர்மக்களிடமிருந்து வாள்களையும் ஈட்டிகளையும் துப்பாக்கிகளையும் திரட்ட ஆணையிட்டார். நாடு முழுவதும் நிலத்தை அளந்து, ஒவ்வொரு வயலுக்கும் வரி கொடுக்கும் ஒருவர் பெயரை எழுதவைத்தார். அடுக்கடுக்கான ஷிகி உரிமைகள் அந்த அளவையில் மறைந்தன. 1591இல் வீரர்களின் பணியாட்கள் ஊருக்குள் போய் நகரத்தாராகவோ உழவராகவோ மாறுவதும், உழவர் வயலை விட்டுவிட்டு வணிகத்துக்கும் கூலிக்கும் போவதும் தடுக்கப்பட்டன. யசுதோகியின் 42ஆவது விதியில் இருந்த 'இருப்பதும் போவதும் அவர்கள் விருப்பம்' என்ற சொற்களையும் இந்த ஆணையையும் அருகருகே வைத்துப் படிக்கிறேன். 359 ஆண்டுகள் இடைவெளி. பாடநூல் கூம்புக்கு ஏதேனும் உண்மை அடித்தளம் உண்டென்றால், அது இந்த ஆணைகளுக்குப் பின் வந்த உலகில்தான் இருக்கிறது, இடைக்காலத்தில் இல்லை. தாழை அம்மா சொன்ன மக்களுக்கு அந்தப் புதிய உலகம் இன்னும் கொடியதாயிற்று. இழிபெயர்களை 1871இல்தான் அரசு சட்டத்தால் நீக்கியது.

புன்னை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கூம்பை வரையப் போவதில்லை. அதற்குப் பதிலாக, பலகையில் நான்கு பெயர்களை எழுதப் போகிறேன்: அதெகாவா, அபுத்சு, மதாஷிரோ, சுகாஉரா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'யாருடைய ஆள்?', 'யாரிடம் முறையிடலாம்?' என்ற இரண்டு கேள்விகளை எழுதிவைத்து, கேட்பவர்களையே விடை சொல்லவைக்கலாம் என்றிருக்கிறேன். அதெகாவா முறையீட்டைத் தொடக்கத்திலேயே படித்துக் காட்ட ஆசை. கரிசல் ஐயா, அதன் மொழி எப்படிப்பட்டது? அரசவை நடையில் அமைந்ததா?

கரிசல்:

இல்லை, அம்மா. அக்காலத்து ஆவணங்கள் பெரும்பாலும் சீன நடையில் சீன எழுத்துகளால் எழுதப்பட்டவை. இந்த முறையீடு ஏறக்குறைய முழுவதும் கதகானா என்னும் ஒலியெழுத்தில் இருக்கிறது. வாயால் சொன்னதைச் சொன்னபடியே எழுதியது போன்ற நடை, ஒழுங்கற்ற கையெழுத்து. 'காதை அறுத்து, மூக்கைச் சீவி' என்ற இடத்தை அவர்கள் மூலத்தில் 'மிமி ஓ கிரி, ஹானா ஓ சொகி' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை மட்டும் முதலில் ஜப்பானிய ஒலியிலேயே படித்துவிட்டு, பிறகு தமிழில் சொல்லுங்கள்.